பொறி வராத ஸ்கூட்டர்

நயினாதீவுப் படகு குறிகட்டுவானில் ஆட்களை ஏற்றிக்கொண்டு நின்றது. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஊதாச் சேலைக்காரி மற்றவளிடம் சொன்னாள்:

"என்ர ஸ்கூட்டரை நான்தான் பழுதாக்கினனான்."

"உமக்கென்ன விசரே?"

"சீற்றுக்குக் கீழ ஒரு வயர் இருக்கு. அதைக் கழட்டினால் பிளக்கில பொறி வராது. ஸ்கூட்டர் திருத்திற கராச்சில நிக்கிற தம்பியிட்டைக் கேட்டனான்."

"ஏனப்பா?"

"தீவுப் பள்ளிக்கூடத்துக்குப் புதுசா ஒரு ரீச்சர் வந்திருக்கிறா. இவர் ஒவ்வொரு நாளும் அவவைத் தன்ர மோட்டச்சைக்கிளில துறைக்கு ஏத்திக்கொண்டு வருவார். நான் பின்னால ஸ்கூட்டரில புழுதி குடிச்சுக்கொண்டு வருவன். இப்ப பின் சீற் எனக்கு. ரீச்சர் எங்கட வீட்டுப் படலையடியால நடந்து போறா."

"பாவம் அந்த மனுசன்."

"பிளக்கை மாத்திப் பார்த்தார், கொயிலை மாத்திப் பார்த்தார். உப்புக்காத்துத் திண்டிட்டுதாம். இண்டைக்கும் என்னை இஞ்ச இறக்கிவிட்டிட்டு ஸ்கூட்டரைத்தான் கழட்டிப் பார்க்க வீட்டை போயிட்டார்."

அவள் சிரித்து முடிக்கவில்லை. படகுக்காரர் கயிற்றை அவிழ்க்கப் போன நேரம், ஒரு நீல ஸ்கூட்டர் இறங்குதுறைக்கு விரைந்து வந்தது. அதன் பின் சீற்றிலிருந்து குடையும் கைப்பையுமாக ஓர் இளம்பெண் இறங்கினாள்.

"இஞ்சரப்பா, பொறி வந்திட்டுது!" என்று ஓட்டி வந்தவர் படகைப் பார்த்துக் கத்தினார். "சீற்றுக்குக் கீழ ஒரு வயர் கழண்டு கிடந்தது. படலையடியால போன ரீச்சர்தான் கண்டுபிடிச்சவா!"

ஊதாச் சேலைக்காரி தன் பக்கத்திலிருந்த வெற்றிடத்தில் பையை எடுத்து வைத்தாள்.