சுவர் காயட்டும் என்று

அக்கா, இந்த ஊரில் சுவரைக் காயவைப்பது ஒரு வேலையே இல்லை. காலையில் பூசினால் மத்தியானத்துக்குள் வெளுத்துவிடும். வெடித்துப்போகாமல் இருக்கச் சாக்கை நனைத்துப் போர்த்தித் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊரில் ஐப்பசி மாதம் சுண்ணாம்பு பூசிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அதை இங்கே சொன்னால் சிரிக்கிறார்கள்.

இதைக் கேட்கும்போது கண்ணகியை வெளியே விளையாட அனுப்பிவிடு. கதவைச் சாத்திக்கொள். சத்தத்தைக் குறைத்து வை. உனக்குப் படிக்கத் தெரியாது என்பதால்தான் டேப்பில் பேசி அனுப்புகிறேன். கடிதம் போட்டால் எதிர்வீட்டு இருசம்மாளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வாய். இது அவள் வாயில் வரக்கூடாது.

என்னோடு வேலை செய்கிற குருநாதன் லீவுக்கு நம் ஊருக்கு வந்துவிட்டுப் போன வாரம்தான் துபாய் திரும்பினான். தை பிறந்ததும் நீ பெரம்பலூர் வீட்டை மாமாவின் தம்பி அய்யாக்கண்ணுவுக்கு எழுதிக் கொடுக்கப்போகிறாய் என்றான். "கரிச்சட்டிய என் கையாலதான கொண்டு வெச்சேன் குருநாதா. அவரக் கொன்னுட்டு அவரு வூட்டுல எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இருக்கறது" என்று அவனிடம் அழுதாயாம். அய்யாக்கண்ணு கைக்குப் போனால் வீடு ஒரு மாதம் தாங்காது. இடித்துவிட்டுக் கடை கட்டப் போகிறானாம். வாசலில் இப்போதே கம்பி இறக்கி வைத்திருக்கிறானாம்.

கைநாட்டு வைக்காதே அக்கா. நீ ஒரு தப்பும் செய்யவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ வாழ்க்கைப்பட்டுப் போனபோது அந்த வீடு இருந்த இருப்பை நினைத்துப் பார். தேக்குத் தூண்களுக்குப் பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் கதவு மாதிரி பச்சைப் பெயிண்ட். சுவரெல்லாம் செதில் செதிலாக உரியும் நீலம். முற்றத்தைத் தகரம் போட்டு மூடி, உள்ளே பகலிலும் விளக்கு. அரியலூர் சிமெண்டு ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்டு பார்த்துவிட்டு வந்து பகலில் தூங்குகிற மாமாவுக்கு அந்த இருட்டு வசதியாக இருந்தது. அவர் தப்பில்லை. அவருக்குப் பார்க்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எனக்குக் கொத்து வேலை இல்லாத நாளில் எல்லாம் நான் வந்து செய்தேன். தூண்களைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். அடியில் மரத்தின் ரேகை தெரிந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாசற்காலில் செதுக்கி, பெயிண்ட் அடைத்துக் கிடந்த கொடிவேலையை ஊசியால் குத்திக் குத்தி வெளியே எடுத்தேன். கடுக்காய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அரைத்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மினுக்கினேன். தகரத்தைக் கழற்றிய அன்று வெயில் உள்ளே இறங்கியது. நீ அடுப்படியிலிருந்து வந்து, "இம்புட்டுப் பெரிய வூடாடா இது, பஞ்சநாதா" என்றாய். அந்த வார்த்தைக்காகத்தான் எல்லாம் செய்தேன். உனக்காகத்தான்.

வேலை ஆரம்பிக்கும் முன் ஸ்டுடியோக்காரரை வைத்து ஒரு படம் எடுத்தேன். கூடம் முடிந்ததும் அதே இடத்திலிருந்து இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஊரில் இருக்கிற பழைய வீட்டுக்காரர்கள் எல்லாம் என்னைத் தேடி வருவார்கள் என்று ஓர் எண்ணம். எல்லோரையும் ஒதுங்கி நிற்கச் சொன்னேன். நீ ஒதுங்கினாய். மாமா மட்டும் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து வாசற்காலில் சாய்ந்து நின்றார். "வூட்டுக்காரன் இல்லாம என்னடா படம்" என்றார். கொடிவேலை பாதி அவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. இப்போதும் என் பெட்டியில் அந்தப் படம் இருக்கிறது. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் மனசு கெட்டுப்போகிறது.

மாமா உன்னைப் படுத்தியதை நான் மறக்கவில்லை. ஒரு நாள் ரசத்தில் உப்பு இல்லை என்று தட்டை விசிறினார். உன் நெற்றியில் பட்டது. புதுச் சுண்ணாம்பில் ரசம் தெறித்து மஞ்சளாக இறங்கிவிட்டது. எத்தனை பூச்சு அடித்தும் அந்தக் கறை போகவில்லை. அன்றைக்கே நான் தீர்மானித்திருக்க வேண்டும். ஆனால் அவர் மறுநாளே உனக்குப் பூ வாங்கி வந்தார், நீயும் சிரித்துவிட்டாய். அதனால் பேசாமல் இருந்தேன்.

கொஞ்சம் பொறு. யாரோ நடந்து போகிறார்கள்.

போய்விட்டார்கள். இங்கே ஒரே ரூமில் நிறையப் பேர். எல்லோரும் கடைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்துப் பேசுகிறேன்.

உள் அறை ஒன்றுதான் பாக்கி இருந்தது. ஐப்பசியில் அதைப் பூசி முடித்த அன்று மாமா சந்தோஷமாக வந்தார். ஃபேக்டரியில் வேலை செய்கிறவர்களுக்குச் சிமெண்டு தருகிறார்களாம்.

"தைல இதை இடிச்சுட்டு மாடி வெச்சுக் கட்டிப்புடுவோம் மாப்ள. ஓட்டு வூடு எதுக்கு? கொரங்கு குதிச்சா ஒடையுது. நீதான் மேஸ்திரி. வெளியாளு எவனையும் வெக்க மாட்டேன்."

"இப்பத்தான மாமா எல்லாத்தையும் சரி பண்ணுனேன்."

"பண்ணுன, யாரு இல்லேன்னா. அதான் படம் எடுத்துருக்கியே. ஃப்ரேமு போட்டுப் புது வூட்டுல மாட்டிக்குவோம்."

நீயும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். "மாடி வந்தா நல்லதுதான்" என்றாய். அவருக்குப் பயந்து சொன்னாய் என்று எனக்குத் தெரியும்.

இப்போது ஒரு பூனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வருஷம் அரியலூரில் ஒரு மளிகைக்காரர் வீட்டில் பூமாலை மேஸ்திரியிடம் வேலை செய்தேன். மழை நாள். பூச்சு காய்வதற்காக அறையில் கரியை மூட்டி வைத்துக் கதவைச் சாத்தினோம். சுண்ணாம்புக்கு அந்தச் சூடு நல்லது, சீக்கிரம் இறுகும். திறந்து பார்த்தபோது மூலையில் அந்த வீட்டுப் பூனை குட்டிகளோடு படுத்திருந்தது. தூங்குகிறது என்று நினைத்துக் காலால் தள்ளினேன். அசையவில்லை. மேஸ்திரி என்னைத் திட்டினார். "கரி மூட்டம் போட்ட ரூமுல எவனும் படுத்துராதீங்கடா. பொகையே தெரியாது. சொகமா தூக்கம் வரும், அப்படியே போயிருவ." அந்தச் சுகமாக என்ற வார்த்தை எனக்கு ஞாபகத்தில் நின்றது.

உள் அறைக்குத் தலைக்கு மேலே பலகை மச்சு. பலகைகளின் இடுக்கையெல்லாம் மரத்தூளும் வஜ்ஜிரப் பசையும் குழைத்து நானே அடைத்திருந்தேன். ஜன்னல் கதவுகள் முன்பு காற்றில் அடித்துக்கொள்ளும், நான் இழைத்த பிறகு ஊசி நுழையாமல் பொருந்தின. சுவரின் மேலே காற்றுப் போக ஓர் ஓட்டை மட்டும் இருந்தது. சாரல் அடித்துப் பூச்சு கெட்டுவிடும் என்று அதில் சாக்கைச் சுருட்டித் திணித்தேன். அதுவரை நான் செய்தது எல்லாம் அந்த வேலை தெரிந்த எவனும் செய்வதுதான்.

பூசி இரண்டு நாள் கழித்து, காலையில் மாமா ஷிப்டு முடிந்து பஸ்ஸிலிருந்து தொப்பலாக நனைந்து வந்தார். வழக்கமாக உள் அறையில்தான் தூங்குவார். பூச்சு வேலைக்காக அந்த வாரம் கூடத்தில் படுக்கச் சொல்லியிருந்தேன். "நீ தொறந்துவிட்ட முத்தத்தால கூடமெல்லாம் சாரலு மாப்ள. தூண்டி போட்டா மீனு மாட்டும் போலருக்கு" என்றார்.

"உள் ரூமு காஞ்சிருச்சு மாமா. கதகதன்னு இருக்கு. போய்ப் படுங்க."

"அட, இப்பத்தான் உருப்படியா ஒரு வேல செஞ்சிருக்க."

காயவில்லை அக்கா. இடது மூலையில் இன்னும் ஈரம் இருந்தது. சுவர் காயட்டும் என்று உள்ளே வைத்த ஒரு கரிச்சட்டி கனன்றுகொண்டிருந்தது. நான்தான் உன்னிடம், "இன்னொரு சட்டியும் கொண்டு வை. மாமாவுக்குக் குளிருது பாரு" என்றேன். நீ கொண்டுபோய் வைத்தாய். "கதவச் சாத்திக்க, ஈரக் காத்து உள்ள போவும்" என்றேன். சாத்தினாய். நான் சொல்லாத எதையும் நீ அன்று செய்யவில்லை. இதைத்தான் நீ புரிந்துகொள்ள வேண்டும்.

கண்ணகி போர்வையை இழுத்துக்கொண்டு, "அப்பாகிட்ட படுத்துக்கறேன்" என்று ஓடினாள். நான் தூக்கிக்கொண்டேன். பன் வாங்கித் தருகிறேன் என்று சைக்கிளில் உட்காரவைத்துக் குடையைக் கையில் கொடுத்தேன். கெட்டவன் என்றால் அதைச் செய்திருப்பேனா?

நாங்கள் கிளம்பும்போது நீ உள்ளே மாமாவுக்குக் கால் பிடித்துக்கொண்டிருந்தாய். "அக்கா, வெளிய வா" என்று கதவருகில் நின்று ஒரு தடவை கூப்பிட்டேன். "வரேன், நீ போ" என்றாய். அதற்கு மேல் கூப்பிட்டால் ஏன் என்று கேட்பாய். நான் சைக்கிளை எடுத்தேன். இதைப் பற்றி இங்கே வந்த பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். அடுப்பில் உலை வைத்திருந்தாய். கொதித்தால் நீ எழுந்து வந்துதான் ஆக வேண்டும். அந்தக் கணக்கில்தான் போனேன். நீயும் வந்துவிட்டாய். கொஞ்சம் தலைவலி என்று சாயந்திரம் சொன்னாய், அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கண்ணகி இரண்டு பன் தின்றாள். திரும்பி வந்தபோது மழை விடவில்லை. நீ சோற்றை வடித்துக்கொண்டு, "மாமாவ எழுப்பு, ஒரு வாய் தின்னுட்டுத் தூங்கட்டும்" என்றாய். நான் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய் முதலில் ஜன்னலைத் திறந்தேன். ஓட்டையிலிருந்து சாக்கை உருவினேன். பிறகு மாமாவைப் பார்த்தேன். முகம் நல்ல சிவப்பாக, மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்ததுபோல இருந்தது. கஷ்டப்பட்ட அடையாளமே இல்லை. பிறகு இடது மூலையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. ஒரு வெடிப்புகூட இல்லை.

அதற்குப் பிறகுதான் உன்னைக் கூப்பிட்டேன்.

இருசம்மாள், "கரிய வெச்சுப் புருசனக் கொன்னுப்புட்டாளே" என்று தெருவில் நின்று சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். விவரம் தெரியாமல் நடந்துவிட்டது என்று போலீஸ்காரரே எழுதிவிட்டுப் போனார். நான் வாயைத் திறந்தால் உனக்கு இருக்கிற ஒரு தம்பியும் போய்விடுவான் என்று பேசாமல் இருந்தேன். அதுவும் உனக்காகத்தான். அழுதாலும் நாளாக ஆக ஆறிவிடுவாய் என்று நினைத்தேன். பாவம் என்று சொல்லி வீட்டைத் தூக்கிக் கொடுப்பாய் என்று நினைக்கவில்லை.

இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. உன் கையில் பாவம் இல்லை. ஆகையால் அய்யாக்கண்ணுவுக்கு நீ எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. வாசலில் கிடக்கிற கம்பியை எடுத்துக்கொண்டு போகச் சொல். இந்த டேப்பைப் போலீசில் கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் கொடு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் கைநாட்டு மட்டும் வைக்காதே.

உள் அறையில் யாரும் படுப்பதில்லை என்று குருநாதன் சொன்னான். பூட்டியே வைத்தால் பூசணம் பிடிக்கும். வெயில் நாளில் ஜன்னலைத் திறந்து வை. கூடத்துத் தூண்களுக்கு ஆடியில் ஒரு தடவை எண்ணெய் தடவு. ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டு, அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல். நீயும் கண்ணகியும் அதில் நிற்க வேண்டாம் அக்கா, வாசற்கால் மறைந்துவிடும்.