போகச்சொன்ன துறை

ரோடும் இல்ல, ரயிலும் இல்ல, அடுத்த ஊருக்குப் போகணும்னா துணைக்கு ஆள் தேடுன காலமாம் அது. அந்தக் காலத்துல உசிலனேந்தல்னு ஒரு ஊரு இருந்துச்சாம். ஊருக்குத் தெக்க ஒரு ஆறு. ஆறுன்னதும் தண்ணி ஓடும்னு நெனச்சிராதீக. வருசத்துல நாலு நாளு ஓடும், மத்த நாளெல்லாம் வெறும் மணலு. அந்த நாலு நாளு எப்ப வரும்னு ஒருத்தருக்கும் தெரியாது. மேக்க மலையில எங்கிட்டாவது மழ பேஞ்சா போதும், இங்க வெயிலு அடிக்கையிலயே ஆள் ஒசரத்துக்குத் தண்ணி வந்து நிக்குமாம்.

அய்யனாருக்கு மண்குதிரை சொமந்து புரவி எடுத்த மறுநா, மத்தியானத்துக்கு மேல அந்த மணல்ல நாடகம் போடுவாக. அக்கா தம்பி கதை. வரப்புத் தகராறுல கோவிச்சுக்கிட்டு அக்கரைக்குப் போன தம்பிய அக்கா பாடிக் கூப்புடணும். தம்பி வேசம் கட்டுனவன் நெசமாவே அக்கரையில போயி நிப்பான். பாட்டு முடியவும் மணலக் கடந்து இக்கரைக்கு வருவான். பொம்பளைக கொலவ போடுவாக, நாடகம் முடிஞ்சுரும்.

அக்கா வேசம் மாயழகு. ரெண்டு புள்ளைக்குத் தகப்பன், ஆனா சேலையக் கட்டிட்டு வந்தான்னா அவன் பொண்டாட்டியே அசந்து போவாளாம். நல்ல சாரீரம். அந்தத் திமிருல இழுப்பான் பாருங்க, ஒரு வார்த்தைய எடுத்து ஒம்பது வளைவு வளைப்பான். கூட்டம் துண்டச் சுத்தும். அதுலயே அவனுக்குக் கெறக்கம்.

தம்பி வேசம் சேவுகன். இருவது வயசு எளவட்டம். அவனுக்கு நெசத்துலயும் ஒரு அக்கா உண்டு, பேரு அடைக்கி. ஆத்தாளும் அப்பனும் வாந்திபேதியில போனப்ப சேவுகன் தவந்துக்கிட்டு இருந்தானாம். அடைக்கிதான் தூக்கி வளத்தா. அவனை விட்டா அவளுக்கு நாதி இல்ல. அவ மூச்சே அவன்தான்.

அடைக்கி எழவு வீட்டுல ஒப்பாரி சொல்றவ. அவ வாயத் தொறந்தா, மாமியா செத்ததுக்கு உள்ளுக்குள்ள சந்தோசப்பட்ட மருமகளும் அழுதுருவாளாம். ஆனா பொம்பள நாடகத்துல நிக்கக்கூடாது, அது ஊர்க்கட்டு. பாக்கலாம், அம்புட்டுத்தான். அப்பிடிப் பாத்துக்கிட்டு இருந்தவ ஒரு வருசம் சிரிச்சுட்டாளாம். ஊருக்குத் தலைவரு அம்பலகாரர் கூப்புட்டு ஏன் சிரிச்சேன்னு கேட்டாராம். மாயழகு வாயே தொறக்காட்டியும் எந்தம்பி வருவானே, எந்த எடத்துல வரணும்னு அவனுக்கு மனப்பாடமால்ல இருக்கு, அப்பறம் எதுக்குப் பாட்டுன்னு கேட்டாளாம். அம்பலகாரருக்குச் சுருக்குன்னு ஏறிருச்சு. அப்ப நீயே சொல்லிக்குடுன்னுட்டாராம்.

சொல்லிக்குடுத்தா. மொத வேலையா மெட்டப் புடுங்கிட்டாளாம். வெறும் பேச்சா, பேசுற மாதிரி சொல்லுன்னாளாம். மாயழகு சொன்னானாம். யாருட்டச் சொல்றே? தம்பிட்டச் சொல்றேன். அவன்ட்ட ஒனக்கு என்ன வேணும்? மாயழகு மறுபடியும் பாட்டையே சொன்னானாம். என்ன வேணும்னு தெரியாம எதுக்கு வாயத் தொறக்குறேன்னு அன்னைக்கு வீட்டுக்கு அனுப்பிட்டாளாம். இப்பிடியே ஒரு மாசம். ஒரு நா அவனோட சின்ன மக வெளையாண்டுக்கிட்டு இருக்கையில, அந்தப் பாட்டச் சொல்லியே அவளக் கூப்புடுன்னாளாம். பத்துத் தடவ கூப்புட்டான். பதினோராவது தடவ அந்தப் புள்ள சொப்பப் போட்டுட்டு எந்திரிச்சு வந்துச்சாம். இப்ப மெட்டச் சேத்துக்கன்னாளாம்.

தம்பிக்கும் ஒரு கட்டுத் திட்டம் போட்டா. பாட்டு முடிஞ்சுருச்சேன்னு வராதே, ஒன்னால நிக்க முடியலேன்னா மட்டும் வா. பாட்டு அறுந்துச்சுன்னா அறுந்த எடத்துலயே நில்லு. எவன் என்ன கத்துனாலும் காதுல வாங்காதே, பாட்ட மட்டும் கேளு.

சும்மா இருக்குமா ஊரு? தெனமும் ஒத்திகையப்ப கரையில உக்காந்து அவனச் சீண்டும். டேய் பாம்புடான்னு கத்துவாக. ஒங்கக்கா விழுந்துட்டாடான்னு கத்துவாக. தண்ணி வருதுடான்னும் கத்துவாக. சேவுகன் சிரிச்சுக்கிட்டே நிப்பானாம். கல்லு மாதிரி பழகிட்டான். பூசாரி ஒருத்தர்தான் அடைக்கியக் கூப்புட்டுச் சொன்னாராம், ஆத்துல நின்னு கூப்புடுறது வெளையாட்டு இல்ல தாயி, ஆத்துக்கும் காது இருக்குன்னு. அடைக்கி கேக்கல. அவளுக்கு அந்தப் பாட்டு ஜெயிக்கணும்.

அந்த நாளும் வந்துச்சு. சனமெல்லாம் இக்கரையில. சேவுகன் ஒருத்தன் அக்கரையில. வெயிலு சுள்ளுன்னு அடிக்குது. மாயழகு எடுத்தானாம்.

"மணலு காஞ்சு கெடக்குதடா தம்பி, மனசு காஞ்சு கெடக்குதடா,
ஆறு குறுக்க கெடக்குதடா தம்பி, அக்கா தனிச்சு நிக்கேனடா."

ஒரு வளைவு இல்ல, ஒரு இழுப்பு இல்ல. ஒருத்தரும் துண்டச் சுத்தல. கெழவன்மாரு மூக்கச் சிந்துறாக. சேவுகன் நின்னான், நின்னான், அப்பறம் மணல்ல கால வச்சுட்டானாம். நடந்து நடு ஆத்துக்கு வந்துட்டான்.

அப்பத்தான் மேக்க கொக்கெல்லாம் ஒண்ணா எந்திரிச்சுச்சாம். நூறு வண்டி பாலத்துல ஓடுற மாதிரி ஒரு சத்தம். நொர தெரியுது. மாயழகு பாத்துட்டான், பாட்டு அறுந்து போச்சு. பாட்டு அறுந்ததும் சேவுகன் நின்னுட்டானாம். நடு ஆத்துல. கட்டுத் திட்டம் அதானே?

இக்கரை ஓரந்தான் பள்ளம், தண்ணி மொதல்ல அதுலதான் பாயும். ஊரே கத்துது, தண்ணிடா, திரும்பிப் போடான்னு. சேவுகன் சிரிக்கிறானாம். மூணு மாசமாக் கேட்ட கத்துதானே.

அடைக்கி ஓடிவந்து தண்ணித் துறையில நின்னா. ஊர்க்கட்டாவது ஒண்ணாவது. அதே மெட்டுல, வராதடா தம்பி, வராதடான்னு பாடுனாளாம். என்ன ஆச்சு தெரியுமா? அவன் வேகமா வர ஆரம்பிச்சான். வாயி வராதேங்குது, கொரலு வாடா ராசாங்குது. அவளுக்கு வேண்டியது அவன் பக்கத்துல வரணும், அதத்தானே கொரலு சொல்லும்? அவ சொல்லிக்குடுத்ததும் அதானே?

அடைக்கிக்கு வெளங்கிருச்சு. அவன் திரும்பணும்னா அவ நெசமாவே அவன் வேணாம்னு பாடணும். பொய்யாப் பாடுனா நிக்க மாட்டான். நெஞ்சுக்குள்ள தேடுனா. இருவது வருசமா யாருட்டயும் சொல்லாம, தனக்குத் தானே கூடச் சொல்லாம அமுக்கி வச்சது ஒண்ணு கெடந்துச்சாம். அத எடுத்தா.

"பதினாறு வயசுல எனக்குப் பந்தக்கால் ஊனுனாக,
பச்சப்புள்ள ஒன்னத் தூக்கிப் பந்தலவிட்டு வந்தேனே,
மடியில புள்ளையில்ல, வாசல்ல கோலமில்ல,
என்னத் தின்னு வளந்தவனே, ஏறாதடா எங் கரைய. போ."

சேவுகன் சிரிப்பு நின்னுச்சாம். அவ மூஞ்சியவே பாத்தானாம். அப்பறம் திரும்புனான். ஓடல, நடந்தான். அக்கரையில ஏறவும் தண்ணி கரை முட்டிப் போகவும் சரியா இருந்துச்சாம். ஊரு கொலவ போட்டுச்சு, புள்ள பொழச்சுட்டான்னு. அடைக்கி மட்டும் வாயப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டாளாம்.

தண்ணி மூணு நாளு ஓடுச்சு. வடிஞ்சதும் அக்கரைக்குப் போயிப் பாத்தா, ஆளு இல்ல. மாயழகு விசாரிச்சு விசாரிச்சுத் தொண்டித் துறைமுகத்துல போயிப் புடிச்சானாம். கொழும்புக்குத் தோணி ஏற நிக்கிறான். மாயழகு கையப் புடிச்சுக்கிட்டு அழுதானாம். தண்ணிக்குப் பயந்துதான்டா ஒங்கக்கா அப்பிடிப் பாடுனா, ஒன்னயக் காப்பாத்தத்தான்டான்னு. அதுக்குச் சேவுகன் சொன்னானாம்:

"எனக்குத் தெரியும் மாமா. காப்பாத்தத்தான் பாடுச்சு. ஆனா அது பொய்யின்னா நான் திரும்பியிருக்க மாட்டேனே."

தோணி ஏறிட்டான். அப்பறம் ஒரு சேதி தாக்கல் இல்ல. அடைக்கி சாகுற மட்டும் பொழுது சாயையில அந்தத் துறையில நின்னு கூப்புட்டாளாம். எழவு வீட்டுக்குப் போறத விட்டுட்டா. எனக்கு அவ மேல கோவமும் வரும், அதுக்கு மேல பாவமாவும் இருக்கும்.

அன்னையிலேருந்து அந்த எடத்துக்குப் போகச்சொன்ன துறைன்னு பேரு. நாடகம் இன்னைக்கும் உண்டு. ஆனா தம்பி வேசம் ஒருத்தருக்கும் கட்டுறதில்ல, அக்கரையில ஆள நிறுத்துறதில்ல. வெறுங்கரையப் பாத்துத்தான் பாடணும். பாடி முடிச்சதும் ஒரு வெத்தல போடுற நேரம் ஊரே பேசாம நிக்கும். கொலவ கிடையாது.

நான் ஏழு வருசம் அக்கா வேசம் கட்டிருக்கேன். யாரும் வரமாட்டாகன்னு தெரியும். அப்பிடி நெனச்சுக்கிட்டுப் பாடுனா பாட்டு வராது, வரணும்னு நெனச்சாத்தான் வரும். ஏழு வருசமும் பாடி முடிச்சு அக்கரையப் பாக்குறப்ப, எவனாவது மணல்ல கால வச்சிருவானோன்னு, மேக்க கொக்கு எந்திரிக்குதான்னு ஒரு தடவ பாத்துக்குவேன்.