அறுபத்தாறு நாட் அவுட்

எண்ணூரிலிருந்து பாரிமுனை போகும் பேருந்து, கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் அரை மணி நேரமாக நின்றது. லாரி நகர்ந்தால்தான் நாங்கள் நகர முடியும். அந்தச் சாலையின் சட்டம் அது. முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள், பத்திரிகையில் கிழித்த தாளை வைத்துக்கொண்டு, வரப்போகும் இரண்டு வீடியோ கேம் பெட்டிகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“கறுப்பு பொட்டிதான் மச்சி. அறுபது ஜிபி கீது.”

“வெள்ளையில இருபதுதான். ஆனா பிராசசரு மூணு கோரு. சும்மா பறக்கும்.”

“பறக்கட்டும். பழைய மெமரி கார்டு எதுல போவும்?”

“அது இன்னாத்துக்குடா? புது பொட்டி, புது கேமு. தூக்கிப் போடு.”

கேட்டவன் சட்டைப் பையிலிருந்த கார்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

“அண்ணன் என்கூட ஆட்ன கிரிக்கெட்டு இதுலதான கீது. வேலைக்கு டைமாச்சுன்னு பாதியில சேவ் பண்ணிட்டுப் போனான். அறுபத்தாறு நாட் அவுட்டு. சாயந்தரம் வந்து சென்ச்சுரி அடிக்கிறேன்னான். இதே ரோட்லதான லாரில அடிபட்டு பூட்டான்.”

நண்பன் தாளை மடித்தான்.

“பழைய பொட்டியும் கெட்டுப் போச்சு. புதுசு வாங்குனா, நீயே அத்த ஆடி முட்ச்சிடேன்டா.”

“எப்டிரா? நான்தான் பௌலிங். அந்தப் பக்கம் பேட் புடிக்க ஆளு இல்ல. நான் பால் போட்டா அவன் அவுட்டாயிடுவான்.”