திறந்த காசின் மேல் பேசக் கூடாது

அந்த மேஜை விளக்கைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள் சார். உங்கள் கை நிழல் எழுதுகிற தாளின் மேலேயே விழுகிறது. இப்படியே எழுதினால் சாயங்காலத்துக்குள் தலைவலி வந்துவிடும். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது என் வேலை என்பதால் சொல்கிறேன்.

உங்கள் முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் பெட்டியை என் மனைவி கொண்டுவந்து கொடுத்ததாகச் சொன்னீர்கள். அவள் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பியதுமே நானும் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் வந்துவிட்டேன். அவள் உங்களிடம் என்ன சொன்னாள் என்று நான் கேட்கப் போவதில்லை. பெட்டியைத் திறப்பதாக இருந்தால் மட்டும் ஒரு வேண்டுகோள். திறந்த பிறகு அதன் மேல் யாரும் பேச வேண்டாம்.

அதற்குள் இருப்பவை கடையில் சில்லறையாகப் புழங்கும் காசுகள் இல்லை. எங்களைப் போலச் சேகரிப்பவர்களுக்காகவே மெருகேற்றிய அச்சில் நிதானமாக அடித்து, வருடத்துக்கு ஒரு பெட்டியாக மூடி விற்பார்கள். ப்ரூஃப் செட் என்பார்கள். எழுத்தும் உருவமும் இல்லாத இடத்தில் காசு கண்ணாடி மாதிரி முகம் காட்டும். பேசும்போது நம் வாயிலிருந்து கண்ணுக்குத் தெரியாத எச்சில் துளி அதில் தெறிக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்து அந்த இடத்தில் பழுப்பாக ஒரு புள்ளி கிளம்பும். பிறகு என்ன துடைத்தாலும் போகாது. அதனால் எங்கள் நாணயச் சேகரிப்போர் சங்கத்தில் பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் வாயைக் கட்டிக்கொள்வோம். சைகைதான். நான் இதில் மற்றவர்களைவிடக் கண்டிப்பு. ஒரு முறை என் காலில் தேள் ஏறியபோதுகூட, காசை மூடி வைத்துவிட்டுத்தான் கத்தினேன். "உன் வீட்டுக்காரர் வாயை மூடணும்னா ஒரு காசைத் திறந்து கையில குடுத்துடு" என்று என் மாமியார் மனைவியிடம் கேலி செய்வார்.

இனி நான் தேடியது என்ன என்று சொல்கிறேன். காசில் வருடத்துக்குக் கீழே கடுகைவிடச் சின்னதாக ஓர் எழுத்து இருக்கும். எந்த நாணயச்சாலையில் அடித்தது என்பதற்கு அடையாளம் அது. மின்ட் மார்க் என்போம். ஒரு வருடம் ஓர் அச்சில் அதைப் பொறிக்க மறந்துவிட்டார்கள். தவறு தெரிவதற்குள் கொஞ்சம் பெட்டிகள் வெளியே போய்விட்டன. எங்கே போயின, யார் வீட்டு அலமாரியில் தூங்குகின்றன என்று யாருக்கும் தெரியாது. பகல் முழுக்க நான் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் "கடைசி வரி எழுத்து தெரியுதா?" என்று கேட்பேன். வீட்டுக்கு வந்து லென்ஸை எடுத்துக்கொண்டு, இல்லாத எழுத்தைத் தேடுவேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தேடினேன். எத்தனையோ பெட்டிகள் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் அந்த எழுத்து இருந்தது.

சின்னவன் என்று வீட்டில் கூப்பிடுவது என் மனைவியின் தம்பியை. எங்கள் மேல் வீட்டில்தான் குடியிருந்தான். ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிற வேலை. என்னைப் பார்த்துத்தான் அவனுக்கும் காசுப் பைத்தியம் பிடித்தது. ஆனால் அவனுக்கு அது விளையாட்டு. சாப்பிட்ட கையோடு காசைத் தொடுவான். அதிர்ஷ்டம் மட்டும் அவன் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தது. ஒரு பழைய கடையைக் காலி செய்கிறார்கள் என்று ஃபிரிட்ஜைக் கழற்றப் போனவன், ஓர் அட்டைப்பெட்டி நிறைய ப்ரூஃப் செட்டுகளோடு வந்து நின்றான்.

"அத்தான், எனக்கு எது நல்லது எது சொத்தைன்னு தெரியாது. நீங்க பாருங்க. பிடிச்சது இருந்தா எடுத்துக்கங்க" என்றான்.

பார்த்தேன். அந்த வருடத்துப் பெட்டி ஒன்று இருந்தது. லென்ஸை வைத்தேன். வருடத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. சுரண்டிய தடமும் இல்லை. கண்ணாடிப் பரப்பு ஒரே சீராக இருந்தது. லென்ஸைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த பெட்டியைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்தேன்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். நீங்கள் அப்படி நினைப்பது எனக்குத் தெரிகிறது. நானும் நினைத்தேன். சிரித்துக்கொண்டே, ஒரு டீ வாங்கிக் கொடுப்பது மாதிரி கொடுத்திருப்பான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பிறகு சாகும்வரை அது சின்னவன் கொடுத்த காசாகவே இருக்கும். சங்கத்தில் ஒவ்வொரு முறை காட்டும்போதும் அவன் பக்கத்தில் நின்று, "அத்தானுக்கு நான்தான் குடுத்தேன்" என்பான். இத்தனை வருடம் தேடியவன் நான். அதனால் எடுத்துக்கொண்டேன். பெட்டிகளைப் பார்க்கச் சொல்லி அவன் விட்டுப்போன அன்றிரவே, என்னிடம் இருந்த அதே வருடத்துப் பெட்டியிலிருந்து எழுத்துள்ள காசை எடுத்து அவன் பெட்டியில் பொருத்தினேன். யாருக்கும் நஷ்டமில்லை. அவனுக்கு எது போனது என்றே தெரியாது.

ஆனால் ஒரு தவறு செய்தேன். ஒரே பெட்டிக்குள் பல வருடம் கிடந்த காசுகள் எல்லாம் ஒன்றுபோல மங்கும். நான் வைத்த காசை, வைப்பதற்கு முன் பழக்கதோஷத்தில் சுத்தம் செய்துவிட்டேன். அழுக்கோடு ஒரு காசை என்னால் எந்தப் பெட்டியிலும் வைக்க முடியாது சார். அது என் சுபாவம்.

விடுமுறை நாள் ஒன்றில் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கழுத்தில் புதுக் கேமரா தொங்கியது.

"அத்தான், இதுல ஒண்ணு மட்டும் பளிச்சுனு இருக்கு பாருங்க. மத்ததெல்லாம் தூக்கம் வர்ற மாதிரி இருக்கு. ஏதோ விசேஷமான காசோ?"

"சிலது அப்படித்தான்டா இருக்கும்" என்றேன்.

"பெட்டிங்க கிடைச்ச அன்னிக்கே, உங்ககிட்ட காட்டறதுக்கு முன்ன, எல்லாத்தையும் போட்டோ எடுத்தேன். இன்னும் இந்தக் கேமராலதான் இருக்கு. இன்னிக்கு இதையும் எடுத்து, ரெண்டையும் பெருசு பண்ணி சங்கத்துல காட்டப் போறேன். அப்பவே இப்படி இருந்துச்சான்னு தெரிஞ்சிடும்ல."

நான் பயந்த சுபாவம் சார், சின்ன வயதிலிருந்தே. பெருசு பண்ணினால் எழுத்து இல்லாதது தெரியும். எழுத்து இல்லாத காசு எப்படி எழுத்துள்ள காசாக மாறியது என்று கேட்பார்கள். இடையில் பெட்டி யார் கையில் இருந்தது என்று கேட்பார்கள். சங்கத்தில் எது அசல், எது போலி என்று தீர்ப்புச் சொல்லுகிறவன் நான். அங்கே என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அதைவிட, என் மனைவி. அவளுக்குத் தம்பிதான் உயிர். தம்பி வீட்டில் கை வைத்தவன் என்று ஒரு முறை அவள் பார்த்தால் போதும், அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. அவன் பாட்டுக்குக் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மாடியில் வெளிச்சம் நன்றாக இருக்கும், அங்கே எடுக்கலாம் என்று சொன்னது நான்தான். அது உண்மையும்கூட. சூரிய வெளிச்சத்துக்கு ஈடு இல்லை.

மொட்டை மாடியில் ஒரு பக்கம் கைப்பிடிச் சுவரை இடித்துப் போட்டிருந்தார்கள். கொத்தனார் குறுக்கே ஒரு கயிறு கட்டிவிட்டுப் போயிருந்தார். அதையும் யாரோ துணி காயப்போட அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். முந்தின நாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோது பார்த்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நினைத்து மறந்துவிட்டேன்.

பெட்டியைத் திறந்து, அந்தப் பளிச்சென்ற காசை விளிம்பில் பிடித்து எடுத்தேன். சின்னவன் முதலில் காசை மட்டும் படம் எடுத்தான். பிறகு, "நீங்க காசைப் பிடிச்சிட்டு நிக்கிற மாதிரி ஒண்ணு, சங்கத்து மலருக்கு" என்றான். முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தேன். காசு வெயிலை வாங்கி அவன் கேமராவுக்குள் அடித்தது. கண் கூசி ஓரடி பின்னால் போனான். பிறகு பக்கவாட்டில் நகர்ந்தான். பிறகு மறுபடி பின்னால். கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

நான் ஏன் கத்தவில்லை என்று அன்றைக்கே நீங்கள் கேட்டீர்கள். கையில் திறந்த காசு இருந்தது, வாய் வரவில்லை என்றேன். சங்கத் தலைவரும் அதையே சொன்னார். "இவர் காசைத் திறந்துட்டா வீடு பத்தி எரிஞ்சாலும் பேச மாட்டார் சார்" என்றார். உங்கள் ஸ்டேஷன் எழுத்தரே தலையாட்டி எழுதிக்கொண்டார்.

சத்தம் கேட்டது. நான் முதலில் காசைப் பெட்டியில் வைத்து மூடினேன். பிறகு படியிறங்கினேன். அதற்குள் கீழே ஆட்கள் கூடிவிட்டார்கள். அவர்கள் அவனைத் தூக்கினார்கள். நான் கேமராவைத் தூக்கினேன்.

அதிலிருந்த பழைய படங்களை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். எல்லாம் காசுகளின் பின்பக்கம். பெட்டிகளைத் தலைகீழாக வைத்து எடுத்திருக்கிறான், அந்த அசடு. வருடமும் தெரியாது, எழுத்தும் தெரியாது. மங்கலா பளிச்சா என்றுகூடச் சொல்ல முடியாத அளவுக்குக் கலங்கலாக இருந்தன. அவற்றால் என்னை யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அதைப் பார்த்த பிறகு பயம் போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. கூடிவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் என் மனைவி எனக்காகப் பேசினாள். "அவரை ஒண்ணும் கேக்காதீங்க. காசு கையில இருந்தா அவருக்குப் பேச வராது. அது வியாதி மாதிரி. அவரும் பாவம்தான்" என்று அழுதுகொண்டே சொல்வாள். திறந்த காசின் மேல் ஏன் பேசக் கூடாது என்பதைக்கூட என்னைவிட அழகாக விளக்குவாள். அவன் கடைசியாகத் தொட்ட பெட்டி என்று இதைத் தம்பி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஒரு நாள் என் லென்ஸைக் கேட்டாள். கொடுத்தேன். தினமும் காலையில் பெட்டியை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்ப்பாள். அவள் லென்ஸைக் கண்ணில் வைக்கும்போதெல்லாம் நான் டம்ளரை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன்.

இன்று காலை அவள் ஜன்னலோரம் வெகு நேரம் நின்றாள்.

"இந்தப் பளிச்சுனு இருக்கிற காசுல ஒரு பழுப்புப் புள்ளி வந்திருக்கு" என்றாள். "முன்ன இல்ல."

"தூசியா இருக்கும்."

"தூசி இல்ல. பக்கத்துலயே இன்னும் ரெண்டு இருக்கு. எச்சில் பட்டாத்தான் இப்படி வரும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

சின்னவன் தும்மியிருப்பான் என்றேன்.

"அவன் தள்ளி நின்னு படம் எடுத்தான்னு சொன்னீங்க. காசு உங்க முகத்துக்கிட்ட இருந்துச்சு." லென்ஸைக் கீழே வைத்தாள். "அவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

அவள் பெட்டியைக் கைப்பையில் வைத்தாள். முகம் கழுவக்கூட இல்லை.

நீங்கள் எழுதிக்கொள்ளலாம். விளிம்புக்கு முன்னால் அவன் தானாகவே நின்றுவிட்டான். கேமராவை இறக்காமல், "போதுமா அத்தான்?" என்று கேட்டான். அவனுக்குப் பின்னால் எவ்வளவு இடம் மிச்சம் என்று எனக்குத் தெரியும். தூரத்தைக் கண்ணால் அளப்பது என் தொழில். "இன்னும் ஓர் எட்டு பின்னால போடா, படம் நல்லா வரும்" என்றேன். அவன் நான் சொன்னதைத் தட்டியதே இல்லை.

அது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். காசைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும்.