ஆவுடையப்பனின் அச்சா

— அண்ணன் ஒத்துக்கிட்டாரு மதினி. அதாவது, உங்க முன்னாலதானே கேட்டேன்? இந்தத் தீவை விட்டு மெயின்லேண்டுக்கு எங்கூடக் கப்பல்ல வாறீங்களா, பாளையங்கோட்டையில ஒரு ஹோம்ல சேத்துப் பாத்துக்கிடுதேன்னு. ‘அச்சா’, சரின்னாரு.

— பாலகுமாரு தம்பி, பக்கவாதம் வந்ததுலருந்து உங்க அண்ணன் வாயில அந்த ஒரு வார்த்தைதான் இருக்கு. இருங்க, நானும் கேக்கேன். ஏங்க, உங்க தலையில கொம்பு முளைச்சிருக்கா?

— அச்சா.

— டெய்ரி ஃபார்ம் ரோட்டுல படுத்துக் கிடக்க எருமை நீங்கதானா?

— அச்சா.

— கேட்டீகளா? இதை நம்பி இவுகளைக் கப்பல்ல ஏத்தப் போறீகளாக்கும்.

— என்ன மதினி, இப்படியா கேலி பண்ணுவீங்க? துறைமுக ஜெட்டியில மைக்கைப் பிடிச்சு, எந்தக் கப்பல் எப்பன்னு ஹிந்தியிலயும் பெங்காலியிலயும் தமிழ்லயும் மாத்தி மாத்திச் சொன்ன மனுசன்!

— அந்த மனுசன் போயிட்டாக தம்பி. ஆபீஸ்ல பெரிய சாப்கிட்ட நாளெல்லாம் சொன்ன அச்சா இது. ஆளு போனப்புறமும் வாயி மட்டும் சொல்லிக்கிட்டே கிடக்கு. நீங்க காலேஜுல தத்துவம் நடத்துறவுக. நீங்களே சொல்லுங்க. வேண்டாம்னு சொல்லத் தெரியாத வாயி சரின்னு சொன்னா, அதுக்கு என்ன மத்லப், என்ன அர்த்தம்?

— ஒண்ணும் கிடையாது. அதாவது, வேண்டாங்கிறது ஒண்ணு இருந்தாத்தான் சரிங்கிறதுக்கே உயிரு. கிளாஸ்ல வருசா வருசம் சொல்லுதேன். அண்ணன்னு வந்ததும் எனக்கே மறந்துட்டு.

— அப்ப இது வெறும் சத்தம். பக்காதானே?

— பக்கா மதினி. டிக்கெட்டை கேன்சல் பண்ணிருதேன். அதுக்கு எதுக்கு அழுகை?

— நிம்மதியில அழுதேன் தம்பி. உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன? ஒரு நா இவுகளைக் குளிப்பாட்டித் தூக்க முடியாம ரெண்டு பேரும் பாத்ரூம்லயே விழுந்துட்டோம். அங்ஙனயே உக்காந்து அழுதேன். ஆத்தாமையில, ‘செத்துப் போயிரலாம்னு இருக்கா உங்களுக்கு’ன்னு கேட்டுட்டேன்.

— ஐயோ. என்ன சொன்னாரு?

— வேற என்ன சொல்லுவாக? அதையேதான். அன்னையிலருந்து எனக்குச் சோறு இறங்கல. தினமும் கொம்பு, எருமைன்னு கேட்டுக் கேட்டுப் பாக்கேன். அதுக்கும் அச்சான்னு சொன்னாத்தான் எனக்கு மூச்சு வரும்.

— அழாதீங்க. அண்ணனுக்கு இதெல்லாம் தெரியவா போகுது? முகத்தைப் பாருங்க, சும்மா முழிச்சுக்கிட்டு இருக்காரு.

— ஆமா. பாவம். ஏங்க, இங்க திரும்புங்க. அன்னைக்கு பாத்ரூம்ல அச்சான்னு சொன்னீகல்லா? அது வெறும் சத்தந்தானே?

— ...

— என்ன மதினி, வாயைக் கோணுதாரு?

— ஏங்க, தம்பி கேக்கட்டும், சத்தமாச் சொல்லுங்க. அது வெறும் சத்தந்தானே?

— இ... இல்ல.