இருக்கிறதுலயே ஹார்டான கிளட்ச்

– …சொல்றதைக் கேளுங்கக்கா. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போச்சுன்னா போச்சுதான். வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடுங்க.

– அதைத்தான் போன்லயே சொல்லிட்டீங்களே தம்பி. அதை இன்னொரு தடவை கேக்கவா தையல் கடையைப் பூட்டிட்டு வந்தேன்? இதைக் கியர் போட்டு ஓட்டுற வண்டியா மாத்தித் தர முடியுமா, முடியாதா?

– மேனுவலாவா?

– ஆமா. நடுவுல ஒரு குச்சி, கீழ மூணு பெடல்.

– குச்சியா… அக்கா, இது சட்டைக்குக் கையை வெட்டிட்டு வேற கை தைக்கிற கதை இல்ல. கியர்பாக்ஸ் வேற, பெடல் வேற, கேபிள், ஃப்ளைவீல்… போதாததுக்கு உள்ள இருக்கிற கம்ப்யூட்டருக்குச் சமாதானம் சொல்லணும். வண்டி புக்குல வேற மாத்தி எழுதணும். இவ்வளவு பாடுபடறதுக்குப் பேசாம…

– கிழிஞ்ச கோட்டைப் பிரிச்சு அதுலயே புதுச் சட்டை தைச்சுக் கொடுத்தவ நான். முடியுமா, முடியாதா?

– முடியாதுன்னு இல்ல…

– அப்போ போடுங்க. அப்படியே அந்த முன் பம்பரையும் நிமிர்த்திடுங்க. பார்க்கிங்ல எவனோ இடிச்சுட்டுப் போயிட்டானாம்.

– …ம். பம்பர் பார்த்துக்கலாம். ஆமா, மேனுவல் ஆக்கினா யாரு ஓட்டப்போறா?

– நான்தான்.

– நீங்களா!

– ஏன், சிரிப்பு வருதோ?

– இல்லக்கா… போன வருஷம் ரிவர்ஸ் எடுக்கறேன்னு உங்க கடை ஷட்டரையே…

– அது ஷட்டர் நடுவுல நின்னா நான் என்ன பண்றது?

– ஷட்டர் எப்பவும் அங்கதானேக்கா நிக்குது!

– போதும் போதும். கிளட்ச் எத்தனை விதம் இருக்கு? அதைச் சொல்லுங்க.

– அந்த டயர் மேல உக்காராதீங்க, கிரீஸ். இந்த ஸ்டூல்ல உக்காருங்க… ஒண்ணு சாஃப்ட்டு. வெண்ணெய் மாதிரி இறங்கும். நாள் பூரா ட்ராஃபிக்ல மிதிச்சாலும் கால் வலிக்காது. உங்களுக்கு அதுதான். இன்னொண்ணு கொஞ்சம் சுமார்.

– அதோ மேல தொங்குதே, அது?

– அது உங்களுக்கு எதுக்கு? ரேஸ் ஓட்டுற பசங்க போடறது. மிதிச்சா தொடை இறுகிடும். எவ்வளவு மெதுவா விட்டாலும் வண்டி வெட்டி வெட்டித்தான் கிளம்பும்.

– மிதிக்க அவ்வளவு கஷ்டமா?

– நானே ரெண்டு சிக்னல் தாண்டினா கெட்ட வார்த்தை பேசுவேன்.

– அதைப் போடுங்க.

– அக்கா?

– இருக்கிறதுலயே ஹார்டானது எதுவோ, அது.

– விளையாடாதீங்க. ஆசைப்பட்டு வாங்கிப் போட்டவனே ஒரு மாசத்துல ஓடி வந்து, “கழட்டிடுண்ணே”ங்கறான்.

– நான் தையல் மிஷின் மிதிக்கிறவ. என் காலுக்கு ஒண்ணும் ஆகாது.

– எங்க மிதிக்கிறீங்க? உங்க மிஷினுக்கு மோட்டார் மாட்டிக் கொடுத்ததே நான்தானே! அக்கா, நிஜத்தைச் சொல்லுங்க. யாரு ஓட்டப்போறா?

– யாரும் ஓட்டக் கூடாதுன்னுதான் தம்பி கேக்கறேன்.

– என்னக்கா சொல்றீங்க?

– எங்க வீட்டுக்காரருக்கு இடது முட்டியில பிளேட்டு வெச்சிருக்கு, மடங்காது. அதனாலதானே ஆட்டோமேட்டிக்கே வாங்கினோம்? வலது கால் ஒண்ணு இருந்தாப் போதும்னு.

– தெரியும்க்கா.

– இப்போ மயக்கம் வருது. பேசிட்டே இருப்பார், பொசுக்குன்னு சாய்வார். டாக்டர் ஸ்டீரிங்கைத் தொடவே கூடாதுன்னுட்டார். கேக்கறாரா மனுஷன்? வண்டி இங்க வர்ற வரைக்கும், நான் கடைக்குக் கிளம்பினதும் இவரும் கிளம்பிடுவார். சாயந்திரம் வந்து பானட்டைத் தொட்டுப் பார்ப்பேன், சுடும்.

– சாவியை வாங்கி வெச்சுக்க வேண்டியதுதானே?

– வெச்சேனே. அன்னைக்கு முழுக்க ஜன்னல் பக்கத்துலயே உக்காந்திருந்தார், சோறுகூட இறங்கல. என்னால பார்க்க முடியல. திருப்பிக் கொடுத்துட்டேன். கொடுத்துட்டு, கடையில ஒவ்வொரு போன் அடிக்கும்போதும் மிஷினை நிறுத்திட்டு ஓடுவேன்.

– அதுக்குத்தான் சொல்றேன், வித்துடுங்க.

– வித்தா நாளைக்கே இன்னொரு ஆட்டோமேட்டிக்கைக் கொண்டாந்து நிறுத்துவார். இதுன்னா வண்டி வாசல்ல நிக்கும். துடைப்பார், கழுவுவார். ஏறி உக்காந்து மிதிச்சுப் பார்ப்பார், அவ்வளவு ஹார்டான கிளட்ச்சுக்குக் கால் இறங்காது. “அந்த மெக்கானிக் பய வண்டியைக் கெடுத்துட்டான்”பார்.

– ஓஹோ, பழி எனக்கா!

– உங்களைத் திட்டட்டும், வண்டியைத் திட்டட்டும், என்னைக்கூட நாலு வார்த்தை திட்டட்டும். தன்னால முடியாமப்போச்சுன்னு மட்டும் அவர் நெனச்சு உக்காந்துடக் கூடாது தம்பி.

– டீ சொல்லட்டுமாக்கா?

– டீயெல்லாம் வேண்டாம். உடைஞ்சதைக் காட்டுங்க.

– எதை?

– கியர்பாக்ஸ்ல என்ன உடைஞ்சுதோ, அதை. கொண்டுபோய் அவர் கையில கொடுக்கணும். கண்ணால பார்த்தாத்தான் மனசு ஆறும்.

– அது… உள்ள… எண்ணெய்ல ஊறிட்டிருக்கு.

– எடுத்துக் கொடுங்க. துடைக்கத் துணி நான் வெச்சிருக்கேன்.

– ஒரு நிமிஷம்… அந்த மூலையில… இந்தாங்க. இந்தப் பல்சக்கரம்தான்.

– இதுவா?

– ம்.

– எண்ணெய்ல ஊறிட்டிருந்துது?

– ஆமா…

– அப்புறம் எப்படி இவ்வளவு துரு?

– அது… சில வண்டியில சில சமயம்…

– தம்பி, நூல் இத்து அறுந்ததா, யாராவது வெட்டினதான்னு பார்த்ததும் சொல்லிடுவேன். என்கிட்டயேவா?

– ஐயோ, அக்கா நம்பிடுவாங்கன்னு மாமாதான்…

– யாரு?

– சார்… சார் சொன்னார்.

– இல்ல, மாமான்னீங்க. இத்தனை வருஷமா என்னை அக்காங்கறீங்க, எங்க வீட்டுக்காரரை மட்டும் சாருங்கறீங்க. எத்தனை தடவை கேலி பண்ணியிருக்கேன், வாயில வரவே வராது. சார் எப்போ மாமா ஆனார்?

– …போன வாரம்.

– போன வாரம் என்ன?

– அந்தப் பம்பர்… யாரும் இடிக்கலக்கா. சிக்னல்ல நிக்கும்போதே மயங்கியிருக்கார். கால் பிரேக்கை விட்டு நழுவிடுச்சு. ஆட்டோமேட்டிக்ல காலை எடுத்தா வண்டி தானா ஊர்ந்து போகுமில்ல, போயிருக்கு. நல்லவேளை, குப்பைத் தொட்டியில முட்டி நின்னுடுச்சு. கண்ணைத் திறந்து பார்த்தா, தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணு கைக்குழந்தையோட…

– ஐயோ!

– யாருக்கும் ஒண்ணும் ஆகலக்கா, ஒண்ணும் ஆகல. எனக்குப் போன் பண்ணார், நான்தான் போய் வண்டியை ஓட்டிட்டு வந்தேன். பக்கத்து சீட்டுல உக்காந்துட்டு அப்படி அழுதார். “உன்னை என் மச்சானா நெனச்சுக் கேக்கறேன்டா”ன்னார். அதுக்கப்புறம் எப்படிக்கா சாருன்னு கூப்பிடறது?

– என்ன… என்ன கேட்டார்?

– “இனிமே இதைத் தொட மாட்டேன். ஆனா எனக்குப் பயம் வந்துடுச்சுன்னு உங்க அக்காவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அவ கடையில ஒரு நிமிஷம் நிம்மதியா உக்கார மாட்டா. வண்டிதான் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு”ன்னார்… அழாதீங்கக்கா. இந்தத் துணி வேண்டாம், எண்ணெய்… இந்தாங்க, இது சுத்தமா இருக்கு.

– அப்போ கியர்பாக்ஸ்?

– தங்கமா இருக்கு. வேணும்னா இப்பவே வீட்டுல கொண்டாந்து விடறேன்.

– வேண்டாம். கழட்டுங்க.

– எதுக்கு? அவர்தான் ஓட்ட மாட்டேன்னுட்டாரே!

– நல்லா ஓடுற வண்டியைக் கொண்டுபோய் வாசல்ல நிறுத்தினா, அவர் சொன்ன பொய் என்ன ஆகும்? கழட்டுங்க. கிளட்ச் போடுங்க.

– அந்த ஹார்டானதா?

– சேச்சே, அந்த வெண்ணெய் மாதிரி இறங்குறது. நிஜமாவே நான்தான் ஓட்டப்போறேன். அவர் பக்கத்துல உக்காந்துட்டு வழி பூரா திட்டிக்கிட்டு வரட்டும்.

– அப்போ ஷட்டரு?

– அதை அப்புறம் நிமிர்த்திக்கலாம்… தம்பி, மாமா போன் பண்ணிக் கேட்டா, அக்கா அப்படியே நம்பிட்டாங்கன்னு சொல்லுங்க.