ராமர் எடுத்துக் கொடுத்த ஃப்ரேம்

அது வேண்டாம் மோளே, திருப்பி வெச்சிடு. சின்னதா, மெல்லிசா, நல்லாத்தான் இருக்கு. இன்னைக்கு நல்லா இருக்கிறது வேண்டாம். மேல் தட்டுல கோடியில கறுப்பா ஒண்ணு இருக்கில்ல? ஆமா, ஜன்னல் சட்டம் மாதிரி. அதை எடு.

பவரா? மைனஸ் ஒன்பது. அதுக்கு இவ்ளோ பெரிய ஃப்ரேம் ஆகாதுன்னு சொல்ல வர்றே. சரிதான் மஞ்சுஷா, தொழிலை ஒழுங்காத்தான் படிச்சிருக்கே. மைனஸ் லென்ஸ் நடுவுல மெலிசு, ஓரத்துல தடிமன். ஃப்ரேம் பெருசாகப் பெருசாக ஓரம் சோடா பாட்டில் அடி மாதிரி வந்துடும். உள்ளே கண்ணு கடுகு மாதிரி கிடக்கும். இதெல்லாம் நானும் படிச்சேன். என்ன, கொஞ்சம் லேட்டா படிச்சேன். இதோ, நான் போட்டிருக்கிறதைப் பாரு. சிரிக்கணும்னா சிரிச்சுக்கோ. மட்டாஞ்சேரியே சிரிச்சு முடிச்சாச்சு.

நானா எடுத்தேன்? எங்களை மாதிரி ஆளுங்களுக்குக் கடையில ஒரு சங்கடம் இருக்கு, நல்ல கண்ணுக்காரங்களுக்குப் புரியாது. புதுசைப் போட்டுப் பார்க்கணும்னா பழசைக் கழட்டணும். கழட்டினா கண்ணாடியில மூஞ்சி எங்க இருக்கு? ஒரு பழுப்பு மேகம்தான் நிக்கும். புதுசுல பவர் கிடையாது. ஆக, என் மூஞ்சிக்கு எது பொருந்துதுன்னு இன்னொருத்தன் பார்த்துச் சொல்லணும். போட்டோவா? எடுக்கலாம். அப்புறம் ஃபோனை மூக்குல தேய்ச்சுக்கிட்டு நிக்கணும், நாலு பேரு முன்னாடி. அந்த நாணக்கேடு எதுக்கு, கூட்டாளி ஒருத்தன் இருக்கறப்போ?

ராமர் இருந்தான். பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சு, ஒரே பவர், கார்ப்பரேஷன்ல ஒரே செக்‌ஷன். கண்ணாடி மாத்தணும்னு ஃபோன் போட்டா சுள்ளிக்கல்லேருந்து கிளம்பி வந்துடுவான். ஒவ்வொண்ணா மாட்டிவிட்டு ரெண்டடி தள்ளி நின்னு பார்ப்பான். போன மார்கழியில இதை மாட்டிவிட்டு என்ன சொன்னான் தெரியுமா? மணி, அசல் ஜட்ஜி மாதிரி இருக்கடான்னான்.

லென்ஸ் போட்டு வந்த பிறகு வீட்டுல பார்த்தேன். ஜட்ஜி தெரியல, ஆந்தைதான் தெரிஞ்சுது. ஆனா ராமர் சொல்லியிருக்கானே! என் கண்ணை விட்டுட்டு அவன் கண்ணை நம்பினேன். அதுதான் என் புத்தி.

தை பொறந்ததும் எங்க தமிழ்ச் சங்கத்துல பொங்கல் விழா, ராமரோட நாடகம். ஒருத்தன் கக்கத்துல தடிப் புத்தகத்தோட வர்றான். சாயாக்கடைக்காரனைப் பிடிச்சு, தேயிலை எந்த தேசத்துலேருந்து வந்துச்சு தெரியுமான்னு வகுப்பு எடுக்கிறான். சாயா ஆறிப் போகுது, கடைக்காரன் தூங்கிப் போறான். நானும் சிரிச்சேன் மோளே. அவன் தலையைத் தூக்கினதும்தான் பார்த்தேன். இதே ஃப்ரேம். முன் வரிசையில என் வீட்டுக்காரி கற்பகம், புடவைத் தலைப்பால கண்ணைத் துடைச்சுத் துடைச்சு சிரிக்கிறா. தலைப்பை எடுத்துட்டு என்னைத் திரும்பிப் பார்த்தா. அப்புறம் சத்தமில்லாம சிரிச்சா.

கிண்டல் பண்ணினா பண்ணிட்டுப் போறான். நான் வகுப்பு எடுக்கிற ஆளுதான், இப்போகூட உனக்கு எடுத்துக்கிட்டுத்தானே இருக்கேன். ஆனா பிறகு ஒரு நாள் நீ பேச்சுவாக்குல சொன்னியே, அன்னைக்கு ராமர் சேட்டன் அதே மாடல்ல ரெண்டு வாங்கினாருன்னு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு நாடகத்துக்கு. அப்போ, முதல்ல எனக்கு வேஷத்தை மாட்டிவிட்டு, ரெண்டடி தள்ளி நின்னு பார்த்துட்டு, ஜட்ஜின்னு சொல்லியிருக்கான். அதுதான் இன்னும் செரிக்கல. அவன்கிட்ட கேக்கலை. கேட்டா, தமாசுக்குடாம்பான். அதோட தீர்ந்துடும். தீரக்கூடாதுன்னு வெச்சிருக்கேன்.

எனக்கா? எனக்கு எதுக்கு அதே மாடல்ல இன்னொண்ணு? வாசல்ல நாற்காலியில கண்ணை இடுக்கிக்கிட்டு உக்காந்திருக்கான் பாரு, ஆளைத் தெரியலையா? கண்ணாடி இல்லாம அவனை யாருக்கும் தெரியாது. காலையில போட்ல ஏறறப்போ குனிஞ்சான், கண்ணாடி காயல்ல போயிடுச்சு. படகுத்துறையிலேருந்து இங்க வரைக்கும் என் தோளைப் பிடிச்சுக்கிட்டு வந்தான். குழி வந்தா சொல்லுடான்னான். ஒரு குழி விடாம சொன்னேன். ஃப்ரேமும் நீயே எடுத்துடு மணி, எனக்கு உன் கண்ணு போதும்னான்.

பாவம்தான். நான் இல்லேன்னா சொன்னேன்? தடவிப் பார்த்துக் கண்டுபிடிச்சா கண்டுபிடிக்கட்டும். போட்டோ எடுத்துக் காட்டறேன்னு மட்டும் நீ வாயைத் திறந்துடாதே.

ராமரு, உள்ளே வாடா. படி இருக்கு, பார்த்து. அங்க இல்ல, இந்தப் பக்கம். இரு, நானே மாட்டிவிடறேன். தலையை நிமிர்த்து. அப்படியே நில்லு, கொஞ்சம் தள்ளி நின்னு பார்க்கறேன்.

ஆகா. அசல் ஜட்ஜிடா.